மாமி சவுட்டிய பிரேக்

ஆரியங்கோட்டில் என் மாமியாரின் தங்கை புது வீடு கட்டியிருந்தார். வீடு மந்திரிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாமியார் வந்து செபம் சொல்லித் தண்ணீர் தெளித்து முடிக்க மதியமாகிவிட்டது. வீடு மேட்டில் இருந்தது, பஸ் நிற்கும் இடம் கீழே. நடுவில் ரப்பர் மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஏறும் ரோடு. ஆட்டோக்காரர்கள் அந்த ஏற்றத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கார் வைத்திருந்த மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் சாப்பிட்ட கையோடு கிளம்பிப் போனார்கள். விருந்துக்கு வந்த கிழவிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் ஏற்றி இறக்குகிற வேலை என் தலையில் வந்து விழுந்தது.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. பெருமைதான். எங்கள் ஊர் காரோடு, கடலோரம். அங்கே எங்கள் தெருவில் கார் ஓட்டுகிற முதல் பொம்பளை நான். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். டூட்டி முடிகிற நேரத்துக்குப் பஸ் கிடைக்காது என்பதால், பாறசாலையில் டிரைவிங் படித்து, ஒரு வெள்ளைக் காரைப் பழையதாக வாங்கினேன். என் கணவர் ஆழ்கடல் போட்டில் போகிறவர். போனால் வாரக்கணக்கில் போனும் கிடையாது, சேதியும் கிடையாது. மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் நானும் மாமியும்தான். மாமியாரை எங்கள் பக்கம் மாமி என்றுதான் கூப்பிடுவோம்.

அன்று மதியம் முழுக்க ஏறினேன், இறங்கினேன். கடைசி இறக்கத்தில் மாமி முன்சீட்டில். பின்னால் மாமிக்குச் சொந்தக்காரிகள் இரண்டு பேர், அவர்களுக்கு நடுவில் ஒரு பெரிய வருக்கைப் பலாப்பழம், எங்கள் பேச்சில் சக்கை. முன்னால் ரப்பர் தடி ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. முந்த இடம் இல்லை. அதன் பின்னாலேயே பிரேக்கில் கால் வைத்தபடி இறங்கினேன். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. லாரியின் வாசனை என்று நினைத்தேன்.

ஒரு வளைவில் லாரி நின்றது. நானும் பிரேக்கை அழுத்தினேன். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அப்படியே தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை. காலை எடுத்து மறுபடி அழுத்தினேன். மறுபடியும் தரை. லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கியரைக் குறைத்தேன், ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன், இடது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்து மண்திட்டில் முகத்தை இடித்து நின்றது. சக்கை உருண்டு என் சீட்டின் முதுகில் மோதியது.

யாருக்கும் அடி இல்லை. பின்னால் இருந்தவர்கள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "எறங்குங்க எல்லாரும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இறங்கி ரோட்டோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு போய்ப் பெடலை அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. கார் நிற்காமல் போனபோதுகூட எனக்கு அந்த அளவுக்குப் பயம் வரவில்லை. பின்சீட்டுக்காரிகளை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, முதல் கியரில், நடக்கிற வேகத்தில் பனச்சமூடு வரை கொண்டுவந்து, அங்கே ஒரு வொர்க்‌ஷாப் வாசலில் காரை விட்டேன். என் கொழுந்தன் வந்து எங்கள் இருவரையும் அவனுடைய வேனில் கூட்டிப்போனான்.

கொழுந்தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவன். கல்யாணம், வேளாங்கண்ணி என்று வெளி ஓட்டமும் உண்டு. வண்டி விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் அவன் சொல்வதுதான் தீர்ப்பு. மறுநாள் அவனும் நானும் வொர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். பிறகு கடைத்தெரு வரை ஓட்டிப் போய், சட்டென்று நிறுத்தி, திரும்பி வந்தார்.

"சேச்சி, பிரேக்கு நல்ல பிடுத்தம் உண்டு. ஒரு குழப்பமும் இல்ல" என்றார் பாதி மலையாளத்தில்.

"நேத்து தரையில போய் முட்டிச்சு" என்றேன்.

"எனிக்கு ஒண்ணும் காணல்ல."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நானும்தான் பெடலை அழுத்திப் பார்த்தேனே. கொழுந்தன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாக, நல்ல மனசோடுதான் சொன்னான்.

"மைனி, நான் சொல்லுதேன்னு நெனைக்காதிய. பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலா கிளட்ச சவுட்டியிருப்பிய. எறக்கத்தில கிளட்ச சவுட்டினா வண்டி ஓடத்தானே செய்யும். புதுசா ஓட்டுதவங்களுக்கு வாறதுதான்."

மிதிப்பதை நாங்கள் சவுட்டுவது என்போம். சாயங்காலத்துக்குள் நான் கிளட்சைச் சவுட்டிய கதை தெரு முழுக்கப் போய்விட்டது. கோயிலில் செபமாலை முடிந்து வெளியே வரும்போது ஒருத்தி என் தோளைத் தட்டி, "பரவால்ல மக்கா, பைய பைய படிச்சுக்கலாம்" என்றாள். அவளுக்கு சைக்கிள்கூடத் தெரியாது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ வருஷமாக ஊசி, மருந்து, அளவு என்று ஒன்றுகூட மாறாமல் கொடுத்துவருகிறவள் நான். என் கால் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து மாமியிடம் கேட்டேன். மாமி அடுக்களை வாசலில் சாளை கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க பக்கத்திலதானே இருந்திய. நான் எத சவுட்டினேன்னு பாத்தியளா?"

"பாத்தேன். ஒனக்க வலது காலத்தான் பாத்துகிட்டு இருந்தேன். ரெண்டு மூணு தடவ சவுட்டினா நீ."

"பின்ன ஏன் அவன்கிட்ட சொல்லல்ல?"

"அவன் எனக்கிட்ட கேட்டானா? கேக்காதவன்கிட்ட என்னத்த சொல்ல" என்று மீனை அலசி ஊற்றினார்.

அந்த ஒரு பேச்சில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கண்ணால் பார்த்த சாட்சி ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள். இனி காரணத்தைக் கண்டுபிடித்தால் போதும்.

போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். டூட்டிக்குப் போகும் பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், தமிழில், மலையாளத்தில், எது கிடைத்தாலும். சூடான பிரேக், பெடல் அமுங்குவது, ஆறினால் சரியாவது என்று தேடியதும் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்தன: பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளுமாம். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் தண்ணீர் சேர்ந்துவிடும். தண்ணீர் சேர்ந்த ஆயில், பிரேக் சூடேறும்போது சீக்கிரம் கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் தரை வரை போனது. ஆறியதும் ஆவி அடங்கிவிடும். மறுநாள் மெக்கானிக் அழுத்தினால் கல் மாதிரி இருக்கும்.

ஒருநாள் வார்டில் ஒருவருக்கு டிரிப் போடும்போது குழாயில் ஒரு குமிழி நின்றது. விரலால் சுண்டி அதை மேலே ஏற்றிவிட்டேன். தினமும் செய்கிற வேலை. செய்துகொண்டிருக்கும்போதே, இதைத்தானே காருக்கும் செய்யச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. பழைய திரவத்தை வெளியே விட்டு, புதியதை உள்ளே நிறைத்து, குழாயில் காற்று இல்லாமல் பார்த்துக்கொள்வது. எனக்குத் தெரியாத வேலை இல்லை.

வீட்டுக்கு வந்ததும், வொர்க்‌ஷாப்பிலிருந்து கொழுந்தன் ஓட்டிவந்து விட்டிருந்த காரின் பானட்டைத் திறந்தேன். ஆயில் இருக்கிற சின்ன டப்பாவின் மூடியைக் கழற்றி, ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தேன். பால் விடாத கட்டன் சாயாவின் நிறம். மறுநாள் பாறசாலையில் ஸ்பேர் கடையில் புது டின் வாங்கினேன். டப்பா மூடியில் ஆயிலின் தரம் டாட் ஃபோர் என்று இருந்ததால் அதையே கேட்டு வாங்கினேன். புதியது வெளிறிய மஞ்சளில், கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டையும் இரண்டு சிரிஞ்சில் எடுத்துக் கொழுந்தனிடம் காட்டினேன்.

அவன் பார்த்தான். "ஆயில் கொறஞ்சா ஊத்துவோம் மைனி. இத மாத்துறது ஆரும் கெடையாது. எனக்க வேன்ல நான் இதுவரைக்கும் மாத்தினது இல்ல" என்றான். "வேணும்னா டவுன்ல சர்வீசுக்குக் கொண்டு விடுவோம். அடுத்த வாரம் எனக்கு ஓட்டம் இல்ல."

அங்கே கொடுத்திருந்தால் மாற்றித்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் கிளட்சைச் சவுட்டியவள் என்ற பேர் போயிருக்காது. நானே செய்வது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு. கொழுந்தன் காலையிலேயே கல்யாண ஓட்டத்துக்குப் போய்விட்டான். முற்றத்தில் சிமெண்ட் போட்ட இடத்தில் காரை நிறுத்தினேன். ரிங் ஸ்பானர், துரு இளக அடிக்கிற ஸ்பிரே, மெடிக்கல் ஸ்டோரில் வாங்கிய பெரிய சிரிஞ்ச், ஒரு டிரிப் குழாய், காலி பாட்டில் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் ஆஸ்பத்திரியில் வைப்பதுபோல வரிசையாக வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது என்று கொழுந்தனின் ஷெட்டிலிருந்து இரும்பு ஸ்டாண்டை உருட்டிக் கொண்டுவந்தேன்.

ஒரே ஒரு குறை. இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் இருக்கிற நிப்பிள் என்னும் சின்னத் திருகைத் திறந்து ஆயிலை வெளியே விட்டு, மூட வேண்டும். மூடிய பிறகுதான் உள்ளே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் குழாய் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்கலாமா என்று நான் வேலிப் பக்கம் போனபோது மாமி பின்னால் வந்து நின்றார்.

"ஆரத் தேடுதா?"

சொன்னேன்.

"எனக்குக் கால் இல்லியா?" என்றார். "நான் சவுட்டுதேன்."

மாமிக்கு எழுபதை நெருங்குகிற வயது. மீன் கூடையைத் தலையில் வைத்து, காரோட்டிலிருந்து செங்கவிளை தாண்டி வீடு வீடாக விற்று, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது விற்கப் போவதில்லை என்றாலும் அந்தக் கால்கள் அப்படியேதான் இருந்தன. குழாயடியில் காலைக் கழுவி, சேலையைக் கொசுவி இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல் தடவை. எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ளிக் கொடுத்தேன்.

"இதுல எதாக்கும் பிரேக்கு?"

"நடுவுல உள்ளது."

"கிளட்ச்சு?"

"இடது பக்கம் உள்ளது."

மாமி இரண்டையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தார். "ரெண்டும் ரெண்டு விதமால்லா இருக்கு. ஒண்ணுக்கு ஒரு காலு, மத்ததுக்கு மத்த காலு. இதப்போயா நீ மாறிச் சவுட்டினேன்னு சொன்னான் அவன்" என்றார். சிரிக்கவில்லை. கோபமாகவே சொன்னார்.

வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். நான் 'சவுட்டு' என்றால் அழுத்த வேண்டும். 'பிடி' என்றால் அழுத்தியபடியே இருக்க வேண்டும். பெடல் தானாகக் கீழே போகும், போனாலும் எடுக்கக்கூடாது. 'விடு' என்றால்தான் எடுக்க வேண்டும். "ஆஸ்பத்திரியில நீங்க கெடக்கும்போ டிரிப்புக் குழாயில காத்து போகப்பிடாதுன்னு பாத்துகிட்டே இருந்தியள்ளா. அதேதான்" என்றேன். மாமி தலையாட்டினார். அன்று அவர் தூங்காமல் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

டப்பாவில் இருந்த பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினேன். தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் தொடங்க வேண்டும். எங்கள் வண்டியில் அது பின்பக்கம் இடது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் நிப்பிள் துருவில் மூழ்கிக் கிடந்தது. உப்புக் காற்று எதையும் சும்மா விடாது. ஸ்பானரை மாட்டித் திருப்பினேன், அசையவில்லை. பலமாகத் திருப்பினால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் எல்லாரும் சொன்னது சரி என்றாகிவிடும். ஸ்பிரே அடித்தேன், காத்திருந்தேன், சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன், மறுபடி அடித்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. மாமி உள்ளேயிருந்து, "வரல்லன்னா கெடக்கட்டு. சாயா குடிச்சிட்டு வந்து பாப்போம்" என்றார். குடித்தோம். வந்து திருப்பினேன். 'டிக்'கென்று ஒரு சத்தம், கையில் ஒரு நெகிழ்வு. திறந்துகொண்டது. நான் பிரசவ வார்டிலும் வேலை பார்த்தவள். குழந்தையின் முதல் சத்தம் கேட்டால் உடம்பு எப்படி இளகுமோ அப்படி இளகியது.

நிப்பிளில் டிரிப் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டேன்.

"சவுட்டு."

"சவுட்டியாச்சு."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

திறந்தேன். கறுப்பாக, கலங்கலாக, ஆயில் குழாயில் ஓடி வந்தது. உள்ளே "போகுது, போகுது" என்று மாமியின் குரல். மூடினேன். "விடு." "விட்டாச்சு."

கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு ஒரு தாளம் கிடைத்தது. மாமியாரைப் பார்த்து 'சவுட்டு', 'விடு' என்று ஏவுகிறேன் என்பதே மறந்துபோனது. கறுப்பு, பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள்.

இரண்டாவது சக்கரமும் முடிந்து, முன்சக்கரத்தில் பாதி போயிருக்கும்போது தெருவில் மீன்காரனின் ஸ்கூட்டர் ஹார்ன் கேட்டது. நான் நிப்பிளைத் திறந்து வைத்திருந்தேன். குழாயில் போய்க்கொண்டிருந்த ஆயில் சட்டென்று நின்று, திரும்பி, சளசளவென்று உள்ளே போனது. நிமிர்ந்து பார்த்தால் மாமி சீட்டிலிருந்து பாதி எழுந்து தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, கால எடுத்திட்டியளா?"

மாமி என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "நெத்திலியாக்கும்" என்றார் மெதுவாக.

வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டேன். மாமி சிரிக்கவில்லை. மீன்காரனைக் கையசைத்துப் போகச் சொன்னார். வேலிப் பக்கம் திரும்பி, "வேல நடக்கிற எடத்தில என்ன பல்லக் காட்டுதிய" என்றார். பிறகு என்னிடம், "இப்ப என்ன செய்யணும்?"

"இந்த வீல மொதல்ல இருந்து எடுக்கணும். காத்து உள்ள போயாச்சு."

"அப்ப மொதல்ல இருந்து எடு."

எடுத்தோம். குழாயில் குமிழிகள் வரிசையாக வந்தன. பிறகு ஒன்றிரண்டு. பிறகு எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் இல்லை, தெளிந்த மஞ்சள் மட்டும். அதற்கப்புறம் தெருவில் யார் போனாலும் மாமி கழுத்தைத் திருப்பவில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் நான் டப்பாவை நிறைத்தேன். ஒரு தடவை ஊற்றும்போது பெயிண்டில் சிந்தியது. இந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்று படித்திருந்ததால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

கடைசிச் சக்கரத்து நிப்பிளை மூடியதும், "ஒரு தடவ நல்லா சவுட்டுங்க" என்றேன்.

மாமி அழுத்தினார். ஒரு கூடை மீனோடு மேடு ஏறின காலின் முழு பலத்தையும் போட்டு அழுத்தினார்.

"போகாது மக்கா. கல்லாக்கும்" என்றார்.

நான் கையைக் கழுவாமலேயே போய், மாமியின் கால் பக்கத்தில் குனிந்து, கையாலேயே ஒரு தடவை அழுத்தினேன். கல்தான். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கை முழுக்க ஆயில். "விடு, சேல நாசமாப் போவுது" என்றார். ஆனால் கையை அவர் இழுக்கவில்லை.

நான் சக்கரங்களை மாட்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தனின் வேன் வந்தது. இறங்கி வந்தவன் டிரைவர் சீட்டில் அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அம்மா, நீ அங்க என்ன செய்யுதா?"

"பிரேக்குக்கு ஏர் எடுத்தோம். நீ சொன்ன கிளட்ச்சையும் சவுட்டிப் பாத்தேன்."

அவன் என் தாம்பாளத்தைப் பார்த்தான். கட்டன் சாயா நிறத்தில் நிறைந்திருந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். மாமியை இறக்கிவிட்டு உட்கார்ந்து பெடலை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். குனிந்து நிப்பிள் ஒவ்வொன்றையும் தொட்டுக் கசிவு உண்டா என்று பார்த்தான்.

"நாளைக்கு ஆரியங்கோட்டுக்குப் போவோம். அதே எறக்கம். நீயும் வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினோம். முதலில் பைபாஸில் ஆள் இல்லாத இடத்தில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் நிறுத்திப் பார்த்தேன். நான் நினைத்த இடத்தில் கார் நின்றது. மாமியை வீட்டில் இருக்கச் சொன்னதற்கு, "நான் சவுட்டின பிரேக்கு. நான் வராம பின்ன?" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அன்று போலவே செய்தேன். மாமியின் தங்கை வீடு வரை ஏறினேன், பஸ் ஸ்டாப் வரை இறங்கினேன், மறுபடி ஏறினேன். அடுத்தடுத்து, பிரேக் ஆற நேரம் கொடுக்காமல். தங்கை வாசலில் வந்து நின்று, "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று மாமியைக் கேட்டது எனக்குக் கேட்டது. கடைசியாக இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தேன். கருகல் வாசனைகூட லேசாக வந்தது. அந்த வளைவு வந்தது. மண்திட்டில் எங்கள் கார் இடித்த பள்ளம் இன்னும் இருந்தது. அழுத்தினேன். பெடல் பாதி தூரத்திலேயே என் காலைத் தாங்கி நின்றது. காரும் நின்றது. பள்ளத்துக்கு நேராக.

ரப்பர் தோட்டத்துக்குள் ஏதோ ஒரு பறவை கத்திக்கொண்டிருந்தது.

"எறங்குங்க மைனி. நான் ஓட்டிப் பாக்குதேன்" என்றான் கொழுந்தன்.

அவன் ஏறி இறங்கி இரண்டு சுற்று ஓட்டினான். என்னைவிடக் கடுமையாகப் பிடித்தான். திரும்பி வந்து என் பக்கத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்.

"மைனி, நீங்க அன்னைக்குக் கிளட்ச சவுட்டல்ல."

"இல்ல" என்றேன்.

மாமி முன்சீட்டிலிருந்து, "அத இங்க சொன்னா எப்படி? தெருவுல போய்ச் சொல்லு" என்றார்.

அவன் சொன்னான். அதை நான் மறக்கமாட்டேன். அடுத்த நாள் சாயங்காலம் கடைமுக்கில் நின்று, பிரேக் ஆயிலில் தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பைக் ஓட்டுகிறவர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும், ஏதோ அவன் கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில், "எங்க மைனியாக்கும் கண்டுபிடிச்சது" என்றும் சொன்னான். கோயிலில் என் தோளைத் தட்டியவள் அடுத்த தடவை பார்த்தபோது, அவள் மருமகன் காருக்கும் நான் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். பார்த்துச் சொன்னேன். அதுவும் கறுப்புத்தான்.

பழைய ஆயிலை மண்ணில் கொட்டக்கூடாது என்பதால், பாட்டிலோடு பனச்சமூடு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே கழிவு ஆயிலுக்கு ஒரு டிரம் உண்டு. மெக்கானிக் பாட்டிலை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது எவிடந்நு, சேச்சி?"

"அன்னைக்கு நீங்க குழப்பமில்லன்னு சொன்ன வண்டியில இருந்து."

அவர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். பிறகு, "ஆராணு மாற்றியது?" என்றார்.

"நானும் எனக்க மாமியும்."

அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டு அந்தப் பாட்டிலைக் காட்டினார். மலைப் பக்கம் ஓடுகிற வண்டி எது வந்தாலும் இனி இதையும் திறந்து பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னார். எனக்குச் சாயா வாங்கித் தந்துதான் அனுப்பினார்.

என் கணவரின் போட் கொச்சியில் கரையேறியதும் போன் வந்தது. நான் சொல்வதற்குள் மாமி போனைப் பிடுங்கிக்கொண்டார். அவர் சொன்ன கதையில் நான் திருகு திறந்து மூடுகிற ஆள் மட்டும்தான். மற்றதெல்லாம் அவர். நெத்திலி அந்தக் கதையில் வரவே இல்லை. நானும் திருத்தவில்லை.

போன சனிக்கிழமை கொழுந்தன் வேனை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தான். புது டின் இரண்டு வாங்கி வந்திருந்தான். "மைனி, நீங்க பக்கத்தில நின்னு சொல்லிமட்டும் தாங்க. அழுக்கு வேலைய நான் செய்யுதேன்" என்று சக்கரத்துப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தான். மாமி ஸ்டூல் போட்டு வேனில் ஏறினார். உயரமான சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிறகு உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"எலே, நீ சொன்னதும் நான் கால எடுப்பேன்னு நெனைக்காத. நிப்பிள மூடிட்டு, மூடினேன்னு ரெண்டு தடவ சொல்லு. அப்பத்தான் எடுப்பேன்."

"மூடியாச்சும்மா" என்றான் அவன் கீழேயிருந்து.

"ரெண்டாவது தடவ?"

"மூடியாச்சு."